பெட்டி பிரிக்காத பழைய வாக்குவம் கிளீனர்: வாங்கிப் பூட்டி ஓட்டும் வரை

சேலத்திலும் ஏற்காட்டிலும் பல வீட்டு அட்டாலிகளில் தெர்மோகோல் கூடக் கழற்றாத வாக்குவம் கிளீனர்கள் கிடக்கின்றன. கல்யாணச் சீராக வந்தவை, சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ தூக்கி வந்தவை, டை கட்டிய விற்பனையாளர் வாசலில் நின்று பேசியே விற்றுவிட்டுப் போனவை. ரெட் ஆக்சைடு தரைக்கும் மொசைக் தரைக்கும் சீமாறும் ஈரத்துணியும் போதும் என்பதால் ஏறிய பெட்டி இறங்கவில்லை.

இப்படிப்பட்ட பதினைந்து மெஷினுக்கு மேல் வாங்கி ஓட வைத்திருக்கிறேன். முதல் இரண்டை நானே கெடுத்தேன். அப்புறம் என்னைப் பார்த்து வாங்க ஆரம்பித்த நண்பர்களும் அதே இடத்தில்தான் சறுக்கினார்கள்: வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பிளக்கைச் செருகிப் பார்ப்பது. முப்பது வருடம் சும்மா இருந்த மெஷினில் ஸ்பாஞ்ச் பொடியாகியிருக்கும், கிரீஸ் மெழுகாகியிருக்கும், கண்டன்சர் விரிசல் விட்டிருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் சுவிட்சைப் போடுவது 9வது பகுதியில்தான் வருகிறது. முந்தியவற்றைத் தாண்டி அங்கே போக வேண்டாம்.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

வாங்கப் போகும்போதே பையில் இவை இருக்கட்டும்: மல்டிமீட்டர், டார்ச், ஸ்க்ரூ டிரைவர்கள், ஒரு அங்குல பெயின்ட் பிரஷ், இன்ச் டேப், கொஞ்சம் நூல். நூல் எதற்கென்றால், பெல்ட்டின் சுற்றளவையும் பைப்பின் சுற்றளவையும் டேப்பால் அளக்க முடியாது. நூலைச் சுற்றி, அதை நீட்டி அளக்க வேண்டும்.

வீட்டில் ஒரு சீரிஸ் போர்டு வேண்டும். ஒரு பல்ப் ஹோல்டரும் ஒரு சாக்கெட்டும் வரிசையாக இணைத்த பலகை, அவ்வளவுதான். மின்சாரம் முதலில் பல்புக்குள் போய், பிறகுதான் மெஷினுக்குப் போகும். மெஷினுக்குள் ஷார்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், மெஷின் பிழைத்துக்கொள்ளும். இதற்கு எல்இடி பல்ப் உதவாது, பழைய குண்டு பல்ப்தான் வேண்டும். 100 வாட்டில் இரண்டு, 60 வாட்டில் ஒன்று வாங்கி வையுங்கள். எங்கும் கிடைக்கவில்லை என்றால் கோழிப்பண்ணைச் சாமான் விற்கும் கடையில் கேளுங்கள். குஞ்சுகளுக்கு வெப்பம் கொடுக்க அதைத்தான் மாட்டுகிறார்கள்.

மெகர் எனும் இன்சுலேஷன் மீட்டரும், வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கும் சொந்தமாகத் தேவையில்லை. மோட்டார் வைண்டிங் கடை ஒன்றில் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மிக்ஸி, பம்பு மோட்டார் பார்க்கும் கடைகளில் மெகர் இருக்கும், சிலவற்றில் வேரியாக்கும் இருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போகாமல் நாலு மணி வாக்கில் ஒரு டீயோடு போனால் வேலை நடக்கும்.

2. தகட்டைப் படித்துவிட்டு விலை பேசுங்கள்

மெஷினின் அடியிலோ பின்னாலோ ஒரு தகடு இருக்கும். எத்தனை வோல்ட், எத்தனை வாட் என்று அதில் போட்டிருக்கும். விலை பேசும் முன் படிக்க வேண்டியது அதுதான்.

220 முதல் 240 வோல்ட் வரை இருந்தால் நம் ஊர் 230 வோல்ட்டுக்கு நேராக ஓடும். இங்கே விற்ற யூரோகிளீன், இங்கிலாந்து ஹூவர், சிங்கப்பூர் வழி வந்த மெஷின்கள் பெரும்பாலும் இந்த வகை. 120 வோல்ட் என்றால் அமெரிக்காவுக்காகச் செய்தது, 100 வோல்ட் என்றால் ஜப்பானின் உள்ளூர்ச் சந்தைக்காகச் செய்தது. இவை இரண்டும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் ஓடாது. நேராகச் செருகினால் சில நொடிகளில் மோட்டார் போய்விடும். 800 வாட் மெஷினுக்கு 1,200 வாட் தாங்கும் டிரான்ஸ்பார்மராவது வேண்டும், ஏனென்றால் மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்சாரம் ஓடும்போது இழுப்பதைவிட அதிகம். அந்த டிரான்ஸ்பார்மரின் விலையையும் எடையையும் நினைத்துப் பார்த்தால், இந்த வகையை நான் விட்டுவிடுகிறேன். அழகுக்காக வாங்குபவர்கள் வாங்கலாம்.

60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பழைய வாக்குவம் கிளீனரில் இருப்பது மிக்ஸியில் இருப்பது போன்ற கார்பன் (சுழலும் பாகத்தில் உரசி மின்சாரம் கொடுக்கும் சின்னக் கட்டை) வைத்த மோட்டார். அதற்கு 50, 60 எல்லாம் ஒன்றுதான்.

அடுத்து, வடிவம். உருளையாகவோ பெட்டியாகவோ இருந்து ஹோஸோடு வருவது சிலிண்டர் வகை. நிமிர்ந்து நின்று, கீழே சுழலும் பிரஷ்ஷோடு தள்ளிப் போவது அப்ரைட் வகை. அப்ரைட் கம்பளத்துக்காகவே செய்தது. நம் மொசைக் தரையில் அந்தப் பிரஷ் தூசியை முன்னால் வாரி அடிக்கும். முதல் மெஷின் வாங்குபவர் சிலிண்டர் வகையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பாகங்கள் குறைவு, உள்ளே கை போகும், பை தைப்பதும் எளிது.

3. நிஜமாகவே ஓடாததுதானா என்று பார்ப்பது

"ஒரு நாளும் தொட்டதில்லைங்க தம்பி, எங்க வீட்டுக்காரரு கொண்டாந்து வெச்சது வெச்சபடி இருக்குது" என்று ஏற்காட்டில் ஒரு அம்மா சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தெரியாமல் யாரோ பத்து தடவை ஓட்டியிருந்தார்கள். ஆளை நம்பலாம், ஆனாலும் மெஷினைப் பார்த்துவிட வேண்டும்.

முதலில் பிளக்கின் பித்தளைக் காலைப் பாருங்கள். சாக்கெட்டுக்குள் ஒருமுறை போய் வந்தாலே நீளவாக்கில் கீறல் விழும். கீறலே இல்லாத கால்தான் நல்ல சாட்சி.

அட்டைப்பெட்டியில் ஸ்டேப்ளர் பின் இருந்தால் அதன் துருவைப் பாருங்கள். பின்னைச் சுற்றி அட்டையில் துருக்கறை ஒரே வட்டமாகப் பதிந்திருந்தால் அது கழற்றப்படவில்லை. கறை ஓரிடத்திலும் பின் ஓரிடத்திலும் இருந்தால் யாரோ திறந்து மூடியிருக்கிறார்கள்.

தரை பிரஷ்ஷின் முடி நேராக நிற்கிறதா, சக்கரத்தின் ஓரம் தேயாமல் இருக்கிறதா, வயரைக் கட்டிய கம்பி கம்பெனி முறுக்கிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். பையின் மடிப்புக்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பாருங்கள். ஓடிய மெஷினில் அங்கே சாம்பல் நிறத்தில் ஒட்டும். மோட்டாரைத் திறந்த பிறகு கார்பனும் ஒரு சாட்சி சொல்லும், ஆனால் விற்பவர் வீட்டுத் திண்ணையில் அதைத் திறக்க விடமாட்டார்கள்.

கொஞ்சம் ஓடியிருந்தால் வாங்கக் கூடாதா? அப்படி இல்லை. நாலைந்து முறை ஓடியது சில நேரம் ஓடாததைவிட நல்ல நிலையில் இருக்கும், பேரிங்கில் கிரீஸ் அசைந்திருப்பதால். ஆனால் விலையில் அது தெரிய வேண்டும்.

பாகங்களை எண்ணிப் பார்க்க மறக்கிறார்கள். புத்தகம் இருந்தால் முதல் பக்கத்துப் படத்தை வைத்து ஒவ்வொன்றாக எண்ணுங்கள். இரண்டு நேர் பைப், ஒரு வளைந்த கைப்பிடி பைப், தரை பிரஷ், சோபாவுக்கான சின்ன நாசில், இடுக்கு நாசில், உருண்டை பிரஷ் என்பது வழக்கமான கணக்கு. நாசில் இல்லாவிட்டால் சமாளிக்கலாம். மெஷினில் மாட்டும் ஹோஸின் நுனிக் கொக்கி உடைந்திருந்தால் மாற்று கிடைப்பது கஷ்டம். ஒரு நண்பர் அடையாறு போய்த் தேடியும் வெறுங்கையோடு திரும்பினார்.

4. மலையிலிருந்து இறக்கும்போது

ஏற்காடு சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பெட்டிக்குள் இருக்கும் தெர்மோகோல் பழசானதில் சுருங்கி, மெஷின் உள்ளே ஆடும். மோட்டாரைத் தாங்கும் ரப்பர் கட்டைகள் கல்லாக இறுகியிருக்கும். ஒரு குலுக்கலில் அவை விண்டுபோகும். அதனால் சுற்றிலும் பழைய துண்டு, போர்வை திணித்து, ஆடாமல் செய்த பிறகே வண்டியில் ஏற்றுங்கள். பைக் கேரியரில் கட்டுவதைவிட பஸ்ஸில் மடியில் வைத்து வருவது மேல்.

இன்னொன்று, ஹோஸை அங்கே பிரித்து நீட்டிப் பார்க்காதீர்கள். மார்கழிக் காலையில் ஒரு பங்களாவில் நான் அதைத்தான் செய்தேன். சுருண்டு கிடந்த பிளாஸ்டிக் ஹோஸை ஆர்வமாக இழுத்தேன். நடுவில் 'டப்' என்று விட்டது. குளிரில் பிவிசி விறைத்துப்போகும். அதற்குள் இருக்கும் மென்மையாக்கும் எண்ணெயும் வருடங்களில் பாதி வெளியேறியிருக்கும். சுருட்டிய நிலையிலேயே சேலம் கொண்டுவந்து, மதிய வெயிலில் பதினைந்து இருபது நிமிடம் வைத்துவிட்டு, கையில் இளகியது தெரிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுங்கள்.

5. மூன்று நாள் உலரட்டும்

மலை வீட்டுப் பெட்டிக்குள் ஈரம் இல்லாமல் இருக்காது. காகிதப் பையில் பூஞ்சை, புத்தகத்தில் ராமபாணப்பூச்சி, மோட்டார் சுருளின் நூலிலும் காகிதத்திலும் ஈரக்கசிவு. அந்த ஈரத்தோடு மின்சாரம் கொடுத்தால் சுருளிலிருந்து உடலுக்கு மின்சாரம் கசியும்.

காகிதப் பையையும் புத்தகத்தையும் தனியே எடுத்துவிட்டு, மெஷினின் மூடியைத் திறந்து, ஒரு பெரிய அட்டைப்பெட்டிக்குள் வைத்து, கூடவே ஒரு 60 வாட் குண்டு பல்பை எரியவிடுங்கள். பல்ப் அட்டையையும் பிளாஸ்டிக்கையும் தொடாமல் ஒரு சாண் தள்ளி இருக்க வேண்டும். மேலே காற்றுப் போக ஓட்டை வேண்டும். ஆள் வீட்டில் இருக்கும்போது மட்டும் எரிய வையுங்கள். பகலில் சில மணி நேரமாக மூன்று நாள். சேலத்துச் சித்திரை மாதமென்றால் பல்பே வேண்டாம், மாடி அறை போதும்.

ஒரு மெஷின் வந்த அன்றே மெகரில் 0.4 மெகா ஓம் காட்டியது. வைண்டிங் கடை அண்ணன், "காயிலு போச்சு, ரீவைண்டிங் போட்டுக்கலாம்" என்றார். நான் தயங்கித் தூக்கிக்கொண்டு வந்து நான்கு நாள் உலர்த்தினேன். மறுபடி போனபோது 20க்கு மேல் காட்டியது. இன்றுவரை அதே காயில்தான்.

6. திறந்து, நொறுங்கியதை வெளியே எடுத்தல்

புதிதாக வருபவர்கள் அதிகம் கெடுப்பது இந்தப் படியைத் தாண்டுவதால். மோட்டாருக்கு முன்னும் பின்னும் ஸ்பாஞ்ச் பில்டர் இருக்கும். சத்தத்தைக் குறைக்கவும் உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டியிருப்பார்கள். பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச் காற்றின் ஈரத்தை வாங்கி வாங்கி, தொட்டால் உதிரும் பொடியாகவோ ஒட்டும் பிசினாகவோ மாறிவிடும். பார்க்க முழுசாகத்தான் இருக்கும், விரல் வைத்தால்தான் தெரியும். சுவிட்ச் போட்ட அடுத்த நொடியில் அது அத்தனையும் மோட்டாருக்குள் போய், பிசின் பேன் இறக்கையில் ஒட்டி, இறக்கை ஒரு பக்கம் கனமாகி, மெஷின் அதிர ஆரம்பிக்கும். நான் கெடுத்த முதல் மெஷின் இப்படித்தான் போனது.

கொக்கிகளைத் திறக்கும் முன் ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடு காட்டுங்கள். பழைய பிளாஸ்டிக் நாக்கு குளிர்ந்த நிலையில் வளையாது, ஒடியும். ஸ்க்ரூ எல்லாம் கழற்றியும் மூடி வரவில்லை என்றால் நெம்பாதீர்கள். ரப்பர் காலுக்கு அடியில், சக்கரத்துக்குப் பின்னால், ஸ்டிக்கருக்குக் கீழே இன்னொரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றைக் கழற்றும் முன்னும் போனில் ஒரு படம். ஸ்க்ரூக்களை முட்டை அட்டையின் குழிகளில் கழற்றிய வரிசையில் போட்டு வைத்தால், பூட்டும்போது பின்னாலிருந்து எடுத்துக்கொண்டே வரலாம்.

உதிர்ந்த ஸ்பாஞ்ச்சை பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். பிசினை ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். தின்னரும் பெட்ரோலும் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். மாற்று ஸ்பாஞ்ச் வாங்கும்போது காற்றுப் போகும் வகை வேண்டும். வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், எளிதாகக் காற்று போனால் சரி. சோபாவுக்குப் போடும் அடர்ந்த ஸ்பாஞ்ச்சை வெட்டி வைத்தால் மோட்டாருக்கு மூச்சு முட்டும்.

வயர் சுருட்டிய இடத்தில் மெஷினின் மேல் பாம்பு தடம் போல ஒரு பள்ளம் இருக்கலாம். வயரின் மேலுறையிலிருந்து கசிந்த எண்ணெய் உடல் பிளாஸ்டிக்கை இளக்கியதால் வந்தது அது. போகாது. ஓட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, விலையைக் குறைக்கப் பயன்படும்.

7. மோட்டார்: கையால் சுற்றி, காதால் கேட்டு

மோட்டாரை வெளியே எடுத்ததும் தண்டை விரலால் சுற்றிப் பாருங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

லேசாகச் சுற்றி, விட்ட பிறகும் ஒன்றிரண்டு சுற்று ஓடினால் பேரிங் நன்றாக இருக்கிறது. தேனில் சுற்றுவது போல மந்தமாகச் சுற்றினால் கிரீஸ் இறுகியிருக்கிறது. கரகரவென்று கையில் தட்டினால் பேரிங்கில் துரு.

இறுகிய கிரீஸோடு ஓட்டினால் சூட்டில் இளகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். இந்த மோட்டார் நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்கு மேல் ஓடக்கூடியது. கிரீஸ் இளகுவதற்குள் குண்டுகள் உலர்ந்து உரசி, பாதையில் கோடு போட்டுவிடும். ஆகவே இரண்டாவது, மூன்றாவது நிலை எதுவானாலும் பேரிங்கையே மாற்றிவிடுவது என் வழக்கம். எண் அதன் மேலேயே பொறித்திருக்கும். பல மோட்டார்களில் 608 வரும்: உள் துளை 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22, தடிமன் 7. கடையில் கேட்கும்போது இரும்பு மூடி போட்ட 'இசட் இசட்' வகை என்று சொல்லுங்கள். ரப்பர் மூடி போட்டது இந்த வேகத்தில் உரசிச் சூடாகும். ரொம்பப் பழைய மெஷினில் பேரிங்குக்குப் பதில் புஷ் எனும் குண்டில்லாத உலோகக் குழல் இருக்கும், பக்கத்தில் எண்ணெய் ஊறிய கம்பளித் துண்டு இருக்கும். அந்தத் துண்டில் இரண்டு மூன்று சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் விட்டவரையும் பார்த்திருக்கிறேன். அது சில மாதங்களில் பசையாகிவிடும்.

பேனைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. சில மோட்டார்களில் அந்த நட்டுக்கு இடது மரை. வழக்கமான திசையில் பலம் கொடுக்கக் கொடுக்க இன்னும் இறுகி, மரை போய்விடும். முதலில் இரண்டு பக்கமும் லேசாக அசைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் இளகுகிறதோ அந்தப் பக்கம் போங்கள். அலுமினிய இறக்கை வளைந்தால் நிமிர்த்த முடியாது, நிமிர்த்தினாலும் சமநிலை வராது.

அப்புறம் கார்பன். இரண்டு பக்கமும் ஹோல்டரிலிருந்து எடுங்கள். எடுக்கும் முன் எது எந்தப் பக்கம், எந்த முகம் எந்தத் திசை என்று பென்சிலால் குறியுங்கள். ஓடாத மெஷினில் கார்பன் முழு நீளத்தில் இருக்கும். முகத்தில் கம்பெனி சோதனை ஓட்டத்தின் பளபளப்பு ஒரு பகுதியில் மட்டும் இருக்கும். முகம் முழுவதும் வளைந்து பளபளத்தால் நன்றாக ஓடிய மெஷின் என்று அர்த்தம். இப்போது நமக்கு முக்கியம் அது ஹோல்டருக்குள் தடையில்லாமல் வழுக்க வேண்டும் என்பது. பித்தளை ஹோல்டரில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் கார்பன் சிக்கிக்கொள்ளும், ஸ்ப்ரிங் தள்ளாது, தீப்பொறி பறக்கும். களிம்பைத் துடையுங்கள், கார்பனை அராவ வேண்டாம்.

மோட்டாரின் சுழலும் பாகமான ஆர்மேச்சரில் கார்பன் உரசும் செம்பு வளையம் கருத்திருக்கும். பென்சில் ரப்பரால் தேய்த்தாலே பெரும்பாலும் போகும். எமரி பேப்பர் போடாதீர்கள், அதன் துகள் செம்புத் தகடுகளின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். தேய்த்த பிறகு அந்த இடுக்குகளைப் பல் குத்தும் குச்சியால் சுத்தம் செய்யுங்கள்.

8. கண்டன்சர், வயர், பிளக்

சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கண்டன்சர் இருக்கும். மோட்டாரின் தீப்பொறி ரேடியோவில் கரகரப்பு உண்டாக்காமல் இருக்கப் போட்டது. பழைய காகிதக் கண்டன்சர்கள் மேலுறையில் முடி போன்ற விரிசல் விட்டு, அதன் வழியே ஈரம் குடித்து, மின்சாரம் கொடுத்த சில நிமிடங்களில் வெடித்து, அறை முழுக்க நாற்றப் புகையைக் கிளப்பும். நல்லதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். இரண்டு மின் கம்பிகளுக்கு நடுவே இருப்பதற்கு 'எக்ஸ் 2' என்று அச்சிட்ட, 275 வோல்ட் ஏசி தாங்கும் வகை, பழையதன் மைக்ரோ பாரட் அளவிலேயே. கம்பியிலிருந்து இரும்பு உடலுக்குப் போவதாக இருந்தால் அதற்கு 'ஒய்' வகைதான் போட வேண்டும். அங்கே 'எக்ஸ்' வகையைப் போட்டு, அது ஷார்ட் ஆனால் உடலில் மின்சாரம் வந்துவிடும். பேன் கண்டன்சரைப் போட்டுச் சமாளிக்கும் வேலை வேண்டாம்.

வயரை முழு நீளத்துக்கு உருவி, ஒவ்வொரு சாணுக்கும் மடித்துப் பாருங்கள். மடிப்பில் வெடிப்பு தெரிந்தால் முழுசாக மாற்ற வேண்டும், டேப் சுற்றக்கூடாது.

பிளக் மாற்றும்போது நிறத்தை நம்பிக் கம்பி கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. நம் பழைய வழக்கத்தில் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். அமெரிக்க வயரில் கறுப்புதான் பேஸ், வெள்ளை நியூட்ரல். பழைய ஜெர்மன் வயரில் சிவப்பு எர்த்தாக இருக்கும்! அதை நம் எலக்ட்ரீஷியன் பேஸில் கொடுத்தால் மெஷினின் இரும்பு உடல் முழுக்க 230 வோல்ட். ஆகவே நிறத்தைப் பார்க்காமல் மல்டிமீட்டரால் தொடர்ச்சி பாருங்கள். உடலின் இரும்போடு தொடர்புள்ள கம்பி எதுவோ அதுவே எர்த்.

இரும்பு உடல் இருந்து இரண்டு கம்பி மட்டும் வந்தால், மூன்று கம்பி வயர் போட்டு உடலில் எர்த் கொடுங்கள். 1,000 வாட்டுக்கு மேல் என்றால் 16 ஆம்ப் பிளக். மின்சாரம் கசிந்தால் தானே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி வீட்டில் எந்த லைனில் இருக்கிறதோ அதிலேயே சோதனையை வையுங்கள்.

9. மீட்டர், பிறகு பல்ப், பிறகுதான் சுவிட்ச்

மோட்டாரை மறுபடி உடலில் பூட்டிவிட்டு, ஹோஸ் மாட்டாமல் ஆரம்பியுங்கள்.

முதலில் மல்டிமீட்டர். மெஷின் சுவிட்சை ஆன் நிலையில் வைத்து, பிளக்கின் பேஸ், நியூட்ரல் கால்களுக்கு நடுவே பாருங்கள். சில ஓம்களிலிருந்து சில பத்து ஓம்கள் வரை காட்டினால் சரி. ஒன்றுமே காட்டவில்லை என்றால் கார்பன் தொடவில்லை அல்லது சுவிட்சின் உள்ளே களிம்பு. சுவிட்சை இருபது முப்பது முறை ஆன், ஆஃப் செய்தாலே பல நேரம் சரியாகிவிடும். வேகம் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால் அதை முழு வேக அளவில் வையுங்கள்.

அடுத்து மெகர், 500 வோல்ட்டில், இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்து உடலுக்கும் அதற்கும் நடுவே. 2 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் மறுபடி உலர்த்தப் போங்கள். எலக்ட்ரானிக் பலகை உள்ள மெஷினில் அதைக் கழற்றிவிட்டு அளக்கச் சொல்லுங்கள்.

இனி சீரிஸ் போர்டு. முதலில் ஒரு 100 வாட் பல்ப். மெஷின் சுவிட்சைப் போட்டதும் பல்ப் எரிந்து, மோட்டார் முனகும் அல்லது மெதுவாகச் சுற்றும். கண் கூசும் அளவு பல்ப் எரிந்து, மோட்டார் அசையவே இல்லை என்றால் உடனே நிறுத்துங்கள். ஷார்ட் இருக்கலாம், தண்டு எங்கோ சிக்கியும் இருக்கலாம். சரியாகச் சுற்றினால் பக்கத்தில் இன்னொரு 100 வாட் பல்பை இணையாகச் சேர்த்து, அப்படியே அரை மணி நேரம் மெதுவாக ஓடவிடுங்கள். இந்த மெதுவான ஓட்டத்தில்தான் கார்பனின் முகம் செம்பு வளையத்தின் வளைவுக்குப் பொருந்தும். வைண்டிங் கடையில் வேரியாக் இருந்தால் இன்னும் நல்லது, 60 வோல்ட்டில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றலாம்.

நேர் மின்சாரத்தில் முதல் முறை 10 நொடி. நிறுத்தி, முகர்ந்து பாருங்கள். பழைய கிரீஸ் வாசனையும் தூசி வாசனையும் வரும், பரவாயில்லை. எரிந்த வார்னிஷ் வாசனை வந்தால் திறக்க வேண்டும். அடுத்து ஒரு நிமிடம், பிறகு ஐந்து நிமிடம். கார்பனுக்குப் பக்கத்தில் ஊதா நிறத்தில் சின்னப் பொறி தெரிவது இயல்பு. செம்பு வளையத்தைச் சுற்றி நெருப்பு மாலை போட்டது போல் தெரிந்தால் ஆர்மேச்சரில் கோளாறு, வைண்டிங் கடைக்குப் போக வேண்டியதுதான்.

வயர் தானாகச் சுருளும் மெஷின் என்றால் ஓட்டும்போது வயரை முழுக்க வெளியே இழுத்துவிடுங்கள். உள்ளே சுருண்ட வயர் தன் சூட்டிலேயே வேகும்.

10. ஹோஸும் பைப்பும் பையும்

இங்கே அவசரம் குறையும், ஆனால் தமாஷ் நடக்கும். பழைய சிலிண்டர் மெஷின் பலவற்றில் ஹோஸ் மாட்ட இரண்டு வாய்கள் உண்டு, முன்னால் இழுக்க, பின்னால் ஊத. என் மாமா ஒருவர் ஹோஸைப் பின்னால் மாட்டி, பூஜை அறையில் வைத்து சுவிட்சைப் போட்டார். விபூதி, குங்குமம் எல்லாம் சுவரில். மாட்டும் முன் மெஷினை ஓட்டி, வாயில் ஒரு காகிதத் துண்டைக் காட்டுங்கள், ஒட்டிக்கொண்டால் அதுதான் இழுக்கும் வாய்.

இரும்பு பைப்புகளைச் செருகும்போது அழுத்திக் கால் சுற்று திருப்பினால் பிடித்துக்கொள்ளும். கழற்றவும் அதேபோல் திருப்பித்தான் இழுக்க வேண்டும். சிக்குகிறதே என்று எண்ணெய் தடவினால் தூசி அதில் ஒட்டி, அடுத்த முறை கழலவே கழலாது. துணியால் துடைத்தாலே போதும்.

சோதனை ஓட்டம் வேறு, ஆனால் பையில்லாமல் ஒரு நிமிடம்கூடத் தூசி இழுக்காதீர்கள். சிலிண்டர் மெஷினில் இழுத்த காற்றே மோட்டாருக்குள் புகுந்து அதைக் குளிர வைத்துவிட்டு வெளியேறுகிறது. பை இல்லையென்றால் தூசி நேராகக் கார்பனுக்கும் பேரிங்குக்கும் போகும். பெட்டியில் வந்த காகிதப் பை மக்கிப்போயிருக்கும். ஆனால் அதன் வாயில் இருக்கும் அட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அளவுக்கு அதுதான் அச்சு. அதே அளவில் தடிமனான பிளாஸ்டிக் தாளில் வாய் வெட்டி, அடர்த்தியான நான்-ஓவன் துணியில் பை தைத்து ஒட்டலாம். மெல்லிய மல் துணி உதவாது, சுண்ணாம்புத் தூசி அதைத் தாண்டிவிடும். அம்மாபேட்டையில் ஒரு தையல்காரரிடம் மாதிரி கொடுத்து ஐந்து பை தைத்து வாங்கினேன். கல்லாப்பெட்டிக்கு உறையா என்று கேட்டார்.

கசிவு பார்க்க ஊதுபத்தி நல்ல கருவி. மெஷினை ஓட்டிக்கொண்டு, ஹோஸ் நெடுகவும் மூடியின் விளிம்பிலும் புகையைக் காட்டி வாருங்கள். புகை எங்கே வளைந்து உள்ளே போகிறதோ அங்கே ஓட்டை. மூடியின் ரப்பர் இறுகி இருந்தால் ஓரத்தில் புகை இழுக்கும், அதே தடிமனில் ஸ்பாஞ்ச் ரப்பர் பட்டை வாங்கி ஒட்டினால் சரியாகிவிடும். நெருப்பைப் பைப்பின் வாய்க்கு அருகே கொண்டுபோக வேண்டாம், கங்கு உள்ளே போனால் பை பற்றிக்கொள்ளும்.

நாசிலைக் கையால் அடைத்ததும் சத்தம் கீச்சென்று ஏறும். "ஆகா, என்ன இழுவை" என்று சந்தோஷப்படுபவர்கள் உண்டு. தள்ளக் காற்று இல்லாததால் பேனுக்குச் சுமை குறைந்து மோட்டார் வேகமெடுக்கிறது, அவ்வளவுதான். அதே நேரம் குளிர்விக்கும் காற்றும் நின்றுவிட்டது. ஓட்டும்போது சத்தம் திடீரென்று ஏறினால் நிறுத்திவிட்டுப் பையும் ஹோஸும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஏற்காட்டில் வைத்துப் பயன்படுத்தப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே காற்று மெலிது, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலத்தில் இழுத்த அளவு அங்கே இழுக்காது. மெஷின் கெட்டுவிட்டதென்று திறக்காதீர்கள்.

11. மறுபடி அட்டாலிக்கு அனுப்பும் முன்

மாதம் ஒருமுறை பத்து நிமிடமாவது ஓட்டுங்கள், கிரீஸ் ஓரிடத்தில் உறையாமலிருக்கும். ஹோஸைச் சுருட்டாமல் ஆணியில் பெரிய வளைவாகத் தொங்கவிடுங்கள். வயர் மெஷினின் பிளாஸ்டிக்கைத் தொடாதபடி நடுவே ஒரு பழைய வேட்டித் துணி இருக்கட்டும். பெட்டி மூடிக்கு உட்புறம் ஒரு காகிதம் ஒட்டி, பேரிங் எண், கண்டன்சர் அளவு, பெல்ட் இருந்தால் அதன் நீளம், பையின் வாய் அளவு, மெகரில் காட்டிய எண், தேதி எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். பேனாவில் எழுத வேண்டாம், பென்சில்தான் மலை ஈரத்தில் ஊறாது.